‘வருக’வா, ‘வறுக’வா: தமிழில் தட்டச்சு செய்ய எந்த வழி?

ஒரு விழா அழைப்பை அவசரமாக அடித்துக் குழுவில் போட்டுவிட்டேன். நாற்பது பேர் பார்த்த பிறகு ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார்: “அனைவரும் வறுக என்று போட்டிருக்கிறீர்கள். எதை வறுப்பது என்றும் சொல்லிவிட்டால் சட்டியோடு வந்துவிடுவோம்.”

எனக்கு ரகரமும் றகரமும் தெரியாமல் இல்லை. ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினேன், கீழே ஒரு பட்டியல் விரிந்தது, கண் திரையில் இல்லை, இடைவெளி விசையை அழுத்திவிட்டேன். அந்தச் சொல்லை நான் எழுதவேயில்லை. கணினி நீட்டியதை வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். அன்றைக்குத்தான், எட்டு வருடமாக எந்த முறையில் எழுதுகிறேன், ஏன் அதில் எழுதுகிறேன் என்று முதல்முறையாக யோசித்தேன்.

தமிழில் தட்டச்சு செய்ய இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. ஒலிபெயர்ப்பு, தமிழ்99, பழைய தட்டச்சு இயந்திர முறை, இன்ஸ்கிரிப்ட், குரல்வழி என்று வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலோர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. முதலில் கைக்கு எது வந்ததோ அதிலேயே நின்றுவிடுகிறார்கள். என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணினியில் தினமும் ஒரு பக்கமாவது தமிழ் எழுதுகிறவர், தமிழுக்கென்றே அமைத்த தமிழ்99 விசைப்பலகைக்கு மாறுவது நல்லது. எப்போதாவது நாலு வரி எழுதுகிறவருக்கு அந்த உழைப்பு தேவையே இல்லை. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒலிபெயர்ப்பு என்றால் ஒன்றல்ல, இரண்டு

ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைப்பதை எல்லாரும் ஒரே பெயரில் ‘ஃபோனெட்டிக்’ என்கிறார்கள். உள்ளே இருப்பவை இரண்டு வேறு வேலைகள்.

ஒன்று, ஊகிக்கும் வகை. கூகுள் இன்புட் டூல்ஸும், கைபேசி விசைப்பலகையான ஜிபோர்டில் உள்ள ஆங்கில-தமிழ் அமைப்பும் இந்த இனம். நீங்கள் ஏறக்குறையத் தட்டினால் போதும்; எந்தச் சொல்லாக இருக்கும் என்று அது கணித்து நாலைந்து சொற்களை நீட்டும். கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகாது, அதுதான் அதன் பெரிய பலம். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. மனம், மணம் இரண்டையும் ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரிதான் தட்டுகிறோம். பல்லியும் பள்ளியும் அப்படியே. கலை, களை, கழை மூன்றும் ஒரே கூட்டில் இருக்கின்றன. எது வேண்டும் என்பதை நீங்கள்தான் பட்டியலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆக, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சின்ன நிறுத்தம், ஒரு சின்ன பரிசோதனை. நாலு வரிக்கு இது தெரியாது. நாலு பக்கத்துக்கு, யாரோ தோளைத் தட்டித் தட்டிக் கேள்வி கேட்பது போல இருக்கும். ஊர்ப்பெயர், ஆள்பெயர், இலக்கியச் சொல் வந்தால் ஊகம் இன்னும் தடுமாறும்.

இன்னொன்று, விதிப்படி நடக்கும் வகை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் ‘அஞ்சல்’ முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களிலும் இதே பாணி உண்டு. இங்கே ஊகம் கிடையாது. சிறிய ‘எல்’ தட்டினால் ல, பெரிய ‘எல்’ தட்டினால் ள. சிறிய ‘ஆர்’ ர, பெரிய ‘ஆர்’ ற. ‘என்’ சொல்லின் முதலில் வந்தால் ந, மற்ற இடத்தில் ன, பெரிதாகத் தட்டினால் ண. பட்டியல் எதுவும் விரியாது. தட்டியது தட்டியபடி வரும். இதில் ‘வறுக’ வந்தால் பழி முழுக்க உங்களுடையது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதற்கும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. ‘அநியாயம்’ போல நடுவில் ந வரும் சொல்லுக்குத் தனி விசை தெரிந்திருக்க வேண்டும். பல மென்பொருள்களில் அது ‘டபிள்யூ’. அதைவிடப் பெரிய தொல்லை ஷிஃப்ட் விசை. தமிழில் ள, ண, ற மூன்றும் எப்போதாவது வரும் எழுத்துகள் அல்ல. பன்மைக்கு ‘கள்’ போடும் ஒவ்வொரு முறையும் சுண்டுவிரல் ஷிஃப்டைத் தேடிப் போகிறது. மாலையில் எனக்கு அந்த விரல்தான் முதலில் வலிக்கும்.

இரண்டுக்கும் இடையில் எது என்று கேட்டால், கணினியில் யோசிக்காமல் விதிப்படி வகைதான். ஒரு நாள் கூடுதலாகப் பழக வேண்டும். அதற்குப் பிறகு திரையைப் பார்க்காமலே அடிக்கலாம்.

தமிழ்99: ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை இது. பெயரிலேயே வயது இருக்கிறது. தமிழுக்காகவே யோசித்து வைத்த வரிசை என்பதை விசைகளைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய் என்பது அடிப்படை. இடக்கை நடு வரிசையில் அ, இ, உ இருக்கின்றன. அவற்றுக்கு நேர் மேலே, அதே ஒழுங்கில், ஆ, ஈ, ஊ. எ நடுவில் இருந்தால் ஏ அதற்கு மேலே. குறில் விரல் இருக்கும் இடத்தில், நெடில் ஒரு படி மேலே. ஒ, ஓ, ஔ கீழ் வரிசை. இதை ஒருமுறை கவனித்துவிட்டால் பாதிப் பலகை மனப்பாடம். வலக்கை நடு வரிசையில் க, ப, ம, த, ந, ய. அடிக்கடி வருபவை விரலுக்கு அடியிலேயே கிடக்கின்றன. வ, ங இரண்டும் மட்டும் இடக்கைப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி: மொத்தம் 31 விசை, அவற்றில் ஒன்றுக்குக்கூட ஷிஃப்ட் வேண்டாம். ஆய்தமும் ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளும்தான் ஷிஃப்டில்.

இனி இதன் உண்மையான சூட்சுமம். மெய் விசையை அழுத்தினால் ‘க்’ வராது, ‘க’ வரும். அகரம் சும்மா கிடைக்கிறது. ஒலிபெயர்ப்பில் ஒவ்வொரு அகரத்துக்கும் ஒரு ‘ஏ’ தட்டுகிறோமே, அந்தச் செலவு இங்கே இல்லை. அடுத்து, ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி தானாக ஏறும். மெல்லினத்துக்குப் பின் அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற.

‘வணக்கம்’ என்று எழுதிப் பார்ப்போம். வ, ண, க, க, ம, புள்ளி. ஆறு தட்டு. இரண்டாவது க விழுந்ததும் முதல் க தானே ‘க்’ ஆகிவிடும். விதிப்படி ஒலிபெயர்ப்பில் இதற்கு எட்டு எழுத்தும் ஒரு ஷிஃப்டும் வேண்டும். ‘தங்கம்’ ஐந்தே தட்டு: த, ங, க, ம, புள்ளி. ஒரு சொல்லில் இரண்டு மூன்று தட்டு மிச்சம் என்பது அற்பமாகத் தெரியும். ஆயிரம் சொல் அடித்த பிறகு கை சொல்லும்.

புத்திசாலித்தனம் சில இடத்தில் காலை வாரும். ‘பப்பாளி’யை அடித்துப் பாருங்கள். முதல் இரண்டு ப விழுந்தவுடன் அது ‘ப்ப’ என்று முந்திக்கொள்ளும். ‘ததும்பி’, ‘மமதை’ எல்லாம் இதே கதி. தீர்வு எளிது: முதல் எழுத்துக்குப் பின் அ விசையை ஒருமுறை தட்டினால் “இங்கே புள்ளி வேண்டாம்” என்று பொருள். ப, அ, ப, ப, ஆ, ள, இ. பப்பாளி வந்துவிடும். இப்படிப்பட்ட சொற்கள் குறைவு என்பதால் பெரிய தொந்தரவில்லை. ஆனால் இதை யாரும் முதலில் சொல்லித் தராததால், ‘தமிழ்99 சரியில்லை’ என்று இரண்டாம் நாளே விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு சோதனை: எந்த மென்பொருளில் தமிழ்99ஐத் திறந்தாலும் முதல் வேலையாக ம விசையை இருமுறை தட்டுங்கள். ‘ம்ம’ என்று வந்தால் முழுமையானது. வெறும் ‘மம’ என்றால் வரிசை மட்டும்தான் இருக்கிறது, சூட்சுமம் இல்லை. வேறு மென்பொருளைப் பாருங்கள்.

இன்ஸ்கிரிப்ட் என்னும் கண்ணி

விண்டோஸில் தமிழ் சேர்த்த பலர் “என்னமோ கன்னாபின்னாவென்று வருகிறது” என்பார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். விசைப்பலகைப் பட்டியலில் வெறுமனே ‘தமிழ்’ என்று இருப்பது இன்ஸ்கிரிப்ட். இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து என்ற எண்ணத்தில் அமைந்தது அது. இந்தியோ மலையாளமோ ஏற்கெனவே அதில் அடிக்கிறவருக்கு வரம், மற்றவர்களுக்கு வேண்டாம்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் போய், ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, அதற்குள் ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜன்’. தமிழைச் சேர்த்த பிறகு அதன் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி ‘லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்’ உள்ளே போனால் ‘ஆட் எ கீபோர்ட்’ இருக்கும். அங்கே தமிழ்99, அஞ்சல், ஃபோனெட்டிக் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். வேண்டியதைச் சேர்த்துவிட்டு, மற்றதை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மொழி மாற்றும்போதெல்லாம் தப்பான பலகையில் போய் நிற்பீர்கள். மாற்றுவதற்கு விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து. மேக் கணினியிலும் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன, எதையும் நிறுவ வேண்டாம்.

பழைய தட்டச்சுக் கைகள்

தட்டச்சு நிலையத்தில் பயின்று அரசுத் தேர்வு எழுதியவர்களுக்கு என் ஆலோசனை ஒரு வரிதான்: மாறாதீர்கள். இயந்திரத்தில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு எழுத்தை அடிக்கும் பழக்கம் கையில் ஊறியிருந்தால், ‘கே’க்கு ஏகாரக் கொம்பு முதலில், க பிறகு என்று விரல் தானே போகும். அந்த வேகத்தை இழந்து புதிதாகக் கற்பதில் லாபம் இல்லை. அதே வரிசையிலேயே யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம்) எழுத்து தரும் மென்பொருள்கள் உண்டு, என்.எச்.எம். ரைட்டரில் பழைய தட்டச்சு முறை இருக்கிறது. பாமினி வரிசைக்குப் பழகியவர்களுக்கும் அதிலேயே இடம் உண்டு.

மாற்ற வேண்டியது வேறு ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவிலேயே இன்னும் கோப்பு சேமிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கணினிக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் பூசிக் காட்டுகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். தமிழ் மறைந்து ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை தெரிந்தால் அது பழைய குறியாக்கம். தேடுபொறிக்கு அது தமிழ் இல்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் தமிழ் இல்லை. யூனிகோடு 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. தமிழ்நாடு அரசும் 2010இல் அதை ஏற்றுவிட்டது. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை படித்துத் திருத்துங்கள், ஸ்ரீயும் எண்களும் சில நேரம் சிதைந்து வரும்.

இதோடு ஒட்டிய இன்னொரு வம்பு: ‘ஔவை’. பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து ‘ஒளவை’ என்று எழுதுகிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கோப்புக்குள் ‘ஔவை’ என்று தேடினால் அது கிடைக்கவே கிடைக்காது. தமிழ்99இல் ஔவுக்குத் தனி விசை இருக்கிறது, இடக்கைக் கீழ் மூலையில், ஆங்கில ‘இசட்’ இருக்கும் இடம்.

குரல்வழி: நம்பலாமா?

கூகுள் 2017இல் தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. கணினியில் குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸ் திறந்து, ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘வாய்ஸ் டைப்பிங்’ தேர்ந்தெடுத்து, மொழியைத் தமிழ் என்று மாற்றினால் பேசலாம். கைபேசியில் விசைப்பலகையின் ஒலிவாங்கிப் படத்தைத் தட்டினால் ஆயிற்று.

நன்றாகவே கேட்கிறது. ல, ள, ழ குழப்பங்களைச் சொல்லின் சூழலைக் கொண்டு பல நேரம் சரியாகவே போட்டுவிடுகிறது. உச்சரிப்பில் நாம் செய்யும் அநியாயத்தைப் பார்த்தால் இது பெரிய விஷயம். தடுமாறுவது வேறு இடங்களில். பேச்சுத் தமிழில் சொன்னால் பாதி பேச்சாகவும் பாதி எழுத்தாகவும் கலந்து வரும். ‘அதைச் சொன்னேன்’ என்பதில் உள்ள ச் காணாமல் போகும். நிறுத்தற்குறி இல்லாமல் ஒரே தொடராக ஓடும். அரைப் பக்கம் பேசி, அரைப் பக்கம் திருத்துவதற்குள் நானே அடித்திருப்பேன் என்று பல தடவை தோன்றியிருக்கிறது.

ஆனால் இதற்கென்று இடம் இருக்கிறது. கை நடுங்கும் பெரியவர்கள், விசைப்பலகையைக் கண்டாலே ஒதுங்குகிறவர்கள், பழைய கடிதத்தைப் படித்துப் பிரதி எடுக்க வேண்டியவர்கள் எல்லாருக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. எழுத்துத் தமிழில், வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திப் பேசினால் திருத்த வேலை வெகுவாகக் குறையும். கடவுச்சொல்லையோ வங்கி அனுப்பும் எண்ணையோ மட்டும் வாய்விட்டுச் சொல்லி எழுத வைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் காதிலும் அது விழும்.

கைபேசியில் கணக்கு வேறு

இவ்வளவு நேரம் தமிழ்99ஐத் தூக்கிப் பிடித்த நான், கைபேசியில் ஒலிபெயர்ப்பில்தான் அடிக்கிறேன். முரண்தான். இரண்டு கட்டை விரலால் அடிக்கும்போது இடக்கை உயிர், வலக்கை மெய் என்ற அழகெல்லாம் பாதி போய்விடுகிறது. சின்னத் திரையில் 31 விசை என்றால் ஒவ்வொன்றும் அரிசி அளவு. எழுதுவதும் இரண்டு வரிதான். பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்கிறது, கண்ணும் திரையிலேயே இருக்கிறது. ஊகிக்கும் வகைக்கு ஏற்ற இடம் இதுதான். கணினியில் தமிழ்99 கைவந்தவர்களுக்குச் செல்லினம் செயலியிலும் ஐபோனிலும் அதே வரிசை உண்டு. இரண்டு இடத்திலும் ஒன்றே வேண்டும் என்பவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம்.

செயலி தேர்ந்தெடுப்பதில் மட்டும் கறாராக இருங்கள். புதிய விசைப்பலகையை இயக்கும்போது, ‘நீங்கள் தட்டும் எல்லாவற்றையும், கடவுச்சொல் உட்பட, இது சேகரிக்கக்கூடும்’ என்று ஆண்ட்ராய்டே ஓர் எச்சரிக்கை காட்டும். எல்லாரும் படிக்காமல் ‘சரி’ தட்டிவிடுகிறோம். வண்ண வண்ணத் தோற்றத்துக்காகப் பெயர் தெரியாத விசைப்பலகையை நிறுவுவது, வீட்டுச் சாவியைப் பூ விற்க வந்தவரிடம் கொடுப்பது மாதிரி.

மாறுவதாக முடிவு செய்தால்

வேலை குவிந்திருக்கும் வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். தினம் அரை மணி நேரம், இரண்டு வாரம். விசைகளின் மேல் தமிழ் ஒட்டுப்படம் ஒட்டாதீர்கள். கண் கீழேயே பழகிவிடும், பிறகு மேலே வராது. விசைப்பலகைப் படத்தை அச்செடுத்துத் திரைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் உயிர் விசைகள், அடுத்த இரண்டு நாள் க, ப, ம, த, ந, ய, பிறகு மற்றவை. அர்த்தமில்லாத எழுத்துக் கோவைகளை அடிப்பதைவிட, நீங்கள் நிஜமாகவே அனுப்ப வேண்டிய ஒரு கடிதத்தை மெதுவாக அடிப்பது மேல். பழைய முறையை அழிக்க வேண்டாம். அவசரத்துக்கு அது பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். விரல் பழைய தடத்துக்கே ஓடும். எனக்கு இரண்டாம் நாள் அப்பாவுக்கு ஒரு மின்னஞ்சல். பழக்க தோஷத்தில் ‘ஏ, பி, பி, ஏ’ என்று தட்டிவிட்டு நிமிர்ந்தால் திரையில் ‘அண்ண’ என்று நிற்கிறது. ஆங்கில ‘பி’ இருக்கும் இடத்தில் ண உட்கார்ந்திருக்கிறது, இரண்டு முறை விழுந்ததால் புள்ளியும் ஏறிவிட்டது. அழித்துவிட்டு அ, ப, ப, ஆ என்று விசைகளைத் தேடித் தேடி அடித்தேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, தேடாமலே அப்பா வந்துவிட்டார்.